ஆறுக்கு நாலு

பழைய பேருந்து நிலையம், திருத்துறைப்பூண்டி,
மருந்துக்கடை மாடியில் என் டிடிபி சென்டர்.
நாலு கட்சிக்கும் சேர்த்து ஒரே ஃப்ளெக்ஸ்,
ஆறடிக்கு நாலடி.
போன தேர்தலில் நாலு பேரும் வாங்கியதைக் கூட்டினாலும்
நோட்டாவுக்கு முப்பத்தொன்பது குறைவு.
வேலையில்லாத ஒரு மதியம் கூட்டிப் பார்த்திருக்கிறேன்.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. நாளைக்கு மறியல்.
அதில் யாருக்கும் பேதமில்லை.
'எங்கள் தண்ணீர்' என்று அடித்தேன்.

அப்படியே பெரிசாக்கு தங்கச்சி, என்றார் இளவழுதி,
எல்லைக்கு அந்தப் பக்கம் தெரியட்டும்.

பௌத்தன் சிரித்தார்.
எல்லை வரைக்கும் எதற்கு?
எங்கள் தெருவுக்கு வாய்க்கால் திரும்பும் இடத்தில்
பலகை போட்டு அடைக்கிறானே,
அவன் எந்த மாநிலம்?

அதே நாலெழுத்துதான்.
இவர் வாயில் அது வேறு 'எங்கள்'.

'நம்' என்று போடு, என்றார் தோழர் அஞ்சம்மாள்.
எதிரே நிற்பவனையும் உள்ளே இழுக்கும் சொல்.
நிலக்காரனையுமா?
அம்மாள் விசிறியை நிறுத்தி யோசித்தார்.
குத்தகைக்காரன் வரைக்கும், என்றார்.

லூர்து சேவியர் முத்துப்பேட்டையிலிருந்து
சைக்கிளில் வந்தவர்.
ஃப்ளெக்ஸே கூடாது, துணி என்று கேட்டு
மூன்றுக்கு ஒன்றில் தோற்றிருந்தார்.
'எங்கள்', 'நம்' இரண்டையும் அழியுங்கள்.
அலையாத்திக்குப் பங்கு உண்டு, இறாலுக்கு உண்டு.
கடலுக்குப் போவது வீண் என்பவரோடு
எங்களுக்குக் கூட்டணி கிடையாது.

அழித்தேன்.

அப்புறம் வினை.
'தா' என்றால் கையேந்துவதாம்.
'திற' என்றால் அதிகாரியின் கையில் சாவி இருப்பதை
ஒப்புக்கொள்வதாம்.
'பகிர்' என்று சேவியர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்;
இருக்கிறவனிடம் போய்ச் சொல்லு, என்றார்கள்
இரண்டு பேர் ஒன்றாக.
அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

பத்தரைக்கு மின்சாரம் போனது.
யூபிஎஸ்ஸில் பதினோரு நிமிடம்.
திரையில் மிஞ்சியிருந்தது
தண்ணீர்
அதன் வலப்பக்கம் மூன்றடி வெள்ளை.
சேமித்து அனுப்பிவிட்டேன்.

காலையில் மதகுக் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள்.
கீழே வெடித்த சேற்றில் ஒரு நாய் படுத்திருந்தது.
தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்காமலே படித்தார்.
தண்ணீர், சரி. என்ன செய்யணும்?

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.
எனக்கு ஒன்றும் புரியவில்லை,
ஆனால் ஒருவரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.
சேவியர்கூட, ஃப்ளெக்ஸின் ஒரு முனையை
காற்றில் கிழியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.