புதன்கிழமை பலூன்

ஏற்றிவிடும் முன் அதை மண்ணெண்ணெயில் முக்கி எடுக்கிறேன்.
குளிரில் ரப்பர் முறுகி உடையாதிருக்க
யாரோ எப்போதோ கண்ட உபாயம்.
வாரம் முழுக்கக் கை நாறும்.
உணவுக்கூடத்தில் தோர்யேர் மூக்கைப் பொத்திக்கொண்டு
என் தட்டைக் கடைசி மேசைக்குத் தள்ளுவான்.

நி-ஓலெசுண்டில் நூறு நாளுக்கு மேலாக வெயில் இல்லை.
பலூனடியில் தொங்கும் பெட்டிக்குள் சின்ன பம்பு,
ஒரு கரண்டி அயோடைடு நீர்.
ஓசோன் பட்டால் அந்த நீரில்
மின்சாரம் எறும்பாய் ஊரும்.
நான் கீழே உட்கார்ந்து எறும்பை எண்ணுகிறேன்.

இருபதாவது கிலோமீட்டர்.
மைனஸ் எண்பத்து மூன்று.

இந்தக் குளிரில் நைட்ரிக் அமிலம்
தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு குருணையாகிறது.
குருணை பருக்கிறது.
பருத்தது எத்தனை நாள் அந்தரத்தில் நிற்கும்?
நாளுக்கு ஒரு கிலோமீட்டர், சில நாள் இரண்டு,
ஓசையில்லாமல் இறங்குகிறது,
நைட்ரஜனையும் கூட்டிக்கொண்டு.

சண்டையில் ஒருவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்து
'போதும், விடுப்பா' என்று இழுத்து நிறுத்துவானே,
குளோரினுக்கு அந்த ஆள் நைட்ரஜன்.
இப்போது அவன் இல்லை.
அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது,
கனத்தான், விழுந்தான்.

குளோரின் எப்படி அங்கே போனதென்று கேட்காதீர்கள்.
கேட்டால் எம்டனில் அப்பாவின் கடையைச் சொல்ல வேண்டிவரும்.
பழைய ஃபிரிட்ஜின் குழாயை நறுக்குவார்.
புஸ்ஸென்று சன்னல் வழியே போகும்.
வாசனை இல்லை, தீப்பிடிக்காது.
'பரம சாது, வீப்கெ' என்பார்,
என் தலையைக் கிரீஸ் படாத புறங்கையால் தடவி.

மார்ச் மாதம் எட்டாம் தேதி
தோர்யேர் சூரிய பன் சுட்டான். நடுவில் மஞ்சள் கிரீம்.
கரடிக்கான துப்பாக்கியைத் தோளில் மாட்டி
முப்பத்தைந்து பேரும் பனியில் நின்றோம்.
மலை விளிம்பில் நகக்கீற்றளவு வெளிச்சம்.
இங்வில் அழுதாள். சமையல்கார முரடனும்தான்.

மேலே அது போன மாதமே வந்துவிட்டது.
உயரத்தில் இருப்பவர்களுக்கு முதல் பந்தி.
வெயில் தொட்டதும் குளோரின் விழித்தது,
கட்டிப் பிடிக்க ஆளில்லை,
நேற்றைய என் வரைபடத்தில்
பதினெட்டாம் கிலோமீட்டரில் கோடு
பல் விழுந்த ஈறாய் உள்வாங்கிக் கிடக்கிறது.

இதை அங்கே யாரிடம் சொல்ல?
நானும் கத்தினேன், தொண்டை கிழிய,
வா வா என்று.
முகத்தில் பட்ட சூடு பொய்யில்லையே.

பன்னைக் கடித்ததும் மஞ்சள் விரலில் வழிந்தது.
நக்கினேன்.
மண்ணெண்ணெய்.