தட்டு

தொண்டியில் என் கேசட் கடை
எட்டடிக்கு ஆறடி.
சுவரில் மூன்று தட்டு.
கந்தூரிக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று,
மாதா கொடியேற்றத்துக்கு ஒன்று.
சினிமாப் பாட்டு மட்டும் தரையில், அட்டைப்பெட்டியில்,
யாரும் குனிந்து எடுத்துக்கொள்ளலாம்.

கப்பலில் சமையலுக்குப் போன அசன் குத்தூஸ்
எண்பத்து மூன்றில் கொண்டுவந்தான் அதை.
மேலே பேர் இல்லை,
ஒட்டிய தாளை உப்புக்காற்று உரித்திருந்தது.
போட்டால் முதலில் இரைச்சல்,
பிறகு நிற்க இடமில்லாமல் ஓடும் ஒரு பியானோ,
பிறகு அந்தக் குரல்
ஈரமணலில் வள்ளத்தை இழுப்பதுபோல்.

"ரிதம் அண்டு ப்ளூஸ்னு பேரு மச்சான்.
கறுப்பு ஆளுக பாட்டு.
அந்தக் காலத்துல இதுக்குக் கடையில
தனி அலமாரியாம், தனிப் பட்டியலாம்.
வெள்ளைக்காரப் புள்ளைக ராத்திரியில
ரேடியோவத் தலகாணிக்கடியில வச்சுக் கேட்டுச்சாம்.
அப்பறம் அதுகளே பாட ஆரம்பிச்சுருச்சு.
பாட்டு இந்தப் பக்கம் வந்துருச்சு,
பாடுனவன் பொறவாசல் வழியாத்தான் மேடைக்குப் போனானாம்.
துறைமுகத்துல ஒரு கிழவன் சொன்னான்,
அவன் பாதி குடியில இருந்தான்."

எந்தத் தட்டில் வைக்க?
கல்லாவுக்குள் போட்டேன்.

ஐஸ் கம்பெனிப் பையன்கள் இரண்டு பிரதி கேட்டார்கள்.
கோயில் கிடார்க்காரன் பெர்க்மான்ஸ் மூன்று ராத்திரி கேட்டு
ஞாயிற்றுக்கிழமை மாதா பாட்டில் அந்தத் தாளத்தைச் செருகினான்.
சாமியார் கால் ஆட்டினார்,
பூசை முடிந்ததும் திட்டினார்.
மரைக்காயர் வீட்டுக் கல்யாணத்தில்
பிரியாணிச் சட்டியைச் சுற்றி அதுதான் ஓடியது.
பிரதியெடுத்துப் பிரதியெடுத்து
என் டெக்கின் ஹெட் தேய்ந்தது.

தப்படிக்கிற முத்திருளன்
ஒருநாள் வெளியே நின்று கேட்டான்.
உள்ளே வா என்றேன்.
வரவில்லை.
கரண்டுக் கம்பத்தில் இரண்டு விரலால்
ஒன்றை விட்டு இரண்டில் அடித்தான்,
மூன்றை விட்டு நாலில்.
"இதுல அடி, ரெண்டுலயும் நாலுலயும் விழுகுதுண்ணே.
பொணத்துக்கு முன்னால நடக்கயில
எங்க காலு விழுகுற எடம்."

எதிர்த்த டீக்கடையில் அதே பாட்டு,
நான் விற்ற பிரதி.
கடைக்காரர் பலகையில் தாளம் போட்டார்,
பிசகாமல், சொக்கிப்போய்.
போட்டபடியே எட்டி,
கூரையில் செருகியிருந்த கிளாஸை எடுத்து
முத்திருளனுக்கு ஆற்றினார்.
அவன் குடித்தான், அவனே கழுவினான்,
அவனே செருகினான்.
பாட்டு நடுவில் நிற்கவே இல்லை.

அன்று ராத்திரி மூன்று தட்டின் பேரையும் கிழித்தேன்.
எல்லாவற்றையும் கலைத்து அடுக்கினேன்.
வெள்ளிக்கிழமைக்குள்
வாய்ச்சண்டை நாலு, வியாபாரம் பாதி.
கோந்து வாங்கி மறுபடி ஒட்டினேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

கேசட் கல்லாவில்தான் கிடக்கிறது, சில்லறைக்கு அடியில்.
துருப்பிடித்த கல்லா,
ஒரு தட்டில் மூடாது.
இரண்டாவதில்தான்.