இணைப்பு பதினேழு

பிரிந்திருந்தவர்களிடம் எல்லாம் இருக்கிறது.
அழைப்புப் பட்டியல், இரவு இரண்டு மணிக் குறுஞ்செய்தி,
கட்டுநாயக்காவில் அழுதபடி எடுத்த படம்.

எங்களிடம் கேட்கிறார்கள்:
உண்மையான திருமணம்தான் என்பதற்கு ஆதாரம்?

மூன்று வருடமாய் ஒரே வீடு, வெள்ளவத்தையில்.
ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கிலுங்கும்.
வாடகை ஒப்பந்தம் உன் பெரியம்மாவின் பெயரில்,
கரண்ட் பில் எப்போதோ செத்துப்போன
ஒரு சில்வாவின் பெயரில்.
கனடாக் கடவுச்சீட்டோடு வந்து
இங்கேயே தங்கிவிட்டவன் நீ, கபிலேந்திரன்.
எனக்கொரு கடிதம் எழுதியதில்லை.
கூப்பிடு தூரத்தில் இருந்தாய்.

உன் பழைய ஃபோனைத் துழாவியதில்
ஒரு படம் மட்டும்:
காஸுக்கு விடிய விடிய நின்ற நாள்,
வரிசையில் நீலச் சிலிண்டர்.
மாறிப்போகாமலிருக்கச் சோக்கால் எழுதியிருக்கிறாய்,
தேவமலர்.

கொமியூனிகேஷன் பெடியன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அக்கா, இதையுமா அனுப்பப் போறீங்கள்?"
"கலர்ல எடுங்கோ" என்றேன்.

ஒட்டாவா மேசையில் யார் இதைப் புரட்டுவாரோ.
சிலிண்டரைப் பார்ப்பார்,
பெயரைப் பார்ப்பார்.

வரிசையில் நின்றது நீ
என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?