மூன்று மணி வரை

ஒலிபெருக்கி இரண்டும் ஃபெர்கஸ் கொடுத்தது.
வாடகை வேண்டாம், வண்டிக்கு டீசல் மட்டும் என்றான்.
பிறகு ஒரு கேபிள் அறுந்ததும்
என்னைப் பார்த்த பார்வையிலேயே
வாடகையை வசூலித்துக்கொண்டான்.

கிளாஸ்கோ, கிளைட் ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
முன்பு கம்பளக் கிடங்காய் இருந்த அடித்தளம்.
பிப்ரவரி.
ஆள் வருமுன்னே சுவர் வியர்த்துவிட்டது.

இரவுக் காப்பகத்துக் கொதிகலன்
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் செத்தது.
புதிதாய் மாட்ட நாலாயிரத்து இருநூறு பவுண்டு.
கேக் விற்றுப் பார்த்தோம். நூற்றுப் பதினெட்டு.
மோர்வன்தான் சொன்னாள்:
"ஆட விட்டுப் பிடிப்போம்."

என் வேலை வாசலில்.
பிஸ்கட் டப்பாதான் கல்லா.
முத்திரைக் கட்டை, மூடிப்போன நூலகத்தில் எடுத்தது;
திருப்பித் தர வேண்டிய தேதி குத்துகிற கட்டை.
வந்த மணிக்கட்டில் எல்லாம் மார்ச் ஏழு.
"தர்மத்துக்கா? அப்படின்னா பத்தா வெச்சுக்குங்க" என்றாள் ஒரு செவிலி.
"தர்மத்துக்குத்தானே, எனக்கு எதுக்கு டிக்கெட்?"
என்றார் ஒரு வக்கீல்.

முதலில் இஷ்பெல்.
பகலில் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர்.
காலித் தரைக்கு இசை போடுவது
வராத நோயாளியின் பெயரைத்
திரும்பத் திரும்பக் கூப்பிடுவது மாதிரி என்றாள்.
கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.
பத்தரைக்கு இரண்டு பேர் ஆடினார்கள்,
அதில் ஒருவர் தரை துடைக்க வந்தவர்.

அடுத்தவன் பெயர் காலம்.
நேரத்துக்கு வந்ததே இல்லை.
வந்ததும் கூட்டமும் வந்தது.
உழக்குக்குள் கிழக்கு மேற்கு தேடி
இருநூறு பேர் முழங்கை இடித்தார்கள்.

பதினொன்றே காலுக்கு ஒருவர்,
கூட யாரும் இல்லை.
யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கவில்லை.
"எத்தனை மணி வரைக்கும்?"
"மூணு."
"உள்ள சூடா இருக்குமா?"
"அனல் பறக்கும்" என்றேன்,
காலத்தை நினைத்து, பெருமையாக.
இருபது பென்ஸ் நாணயம் இருபத்தைந்து
எண்ணி வைத்தார், ஐந்தைந்து அடுக்காக.
குத்தினேன். மார்ச் ஏழு.

ஒன்றரைக்கு ஐஸ் எடுக்கக் கீழே போனபோது
பார்த்தேன்:
ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் வெப்பக் காற்று வருகிற இடத்தில்
முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடி
தூங்கிக்கொண்டிருக்கிறார்.
இலவசமாய் வைத்த ஆரஞ்சு நிறப் பஞ்சு
இரண்டு காதிலும்.
விலாவில் பேஸ் இடிக்கிறது, அசையவில்லை.
எழுப்பவா என்று காலம் சைகையில் கேட்டான்.
நான் ஐஸ் வாளியோடு நின்றேன்.
கை விறைத்த பிறகு
வேண்டாம் என்று தலையாட்டினேன்.

காப்பகத்தில் பதினோராம் கட்டில்.
போன வருடம் முழுக்க செவ்வாய்க்கிழமை தோறும்
அவருக்கு சூப் ஊற்றியவள் நான்.
கிண்ணத்தைத்தான் பார்த்திருக்கிறேன் போல.

மூன்றுக்கு விளக்கைப் போட்டோம்.
வெளிச்சத்தில் எல்லோருக்கும் வயது ஏறியது.
யாரும் கேட்காமலே அவர்
ஒலிபெருக்கியின் ஒரு முனையைப் பிடித்தார்,
ஃபெர்கஸ் மறுமுனை.
பதினெட்டுப் படி.
மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு,
"அடுத்தது எப்போ?" என்றார்.
தெரியாது என்றேன். உண்மைதான்.
பேருந்து நிலையத்துப் பக்கம் நடந்தார்.

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பவுண்டு,
ஒரு போலந்துக் காசு, ஒரு சட்டைப் பொத்தான்.
காவலாளுக்கு, உரிமத்துக்கு, இடத்துக்குப் போக
தொள்ளாயிரத்து இரண்டு.
கொதிகலனில் கால்வாசிகூட இல்லை.
அந்த ஐந்து பவுண்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று
டப்பாவைக் கவிழ்த்தேன்.
இருபது பென்ஸ் ஏகப்பட்டது.
எது அவருடையது?
எடுத்தாலும் எங்கே போய்க் கொடுப்பது?

முதலில் கட்டை பதிகிறதா என்று
என் கையில்தான் குத்திப் பார்த்தேன்.
சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மேலே ஃபெர்கஸ் ஹாரன் அடிக்கிறான்.
டீசல்.