அட்ரஸ் லைன் 2

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இரண்டு கொம்பியூட்டரும் ஒரு போட்டோகொப்பி மெஷினும்
என் கடை.
றப்பர் சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
தவமலரக்கா வந்து நின்றார்.
மகளின் நர்சிங் விண்ணப்பம். இன்று கடைசி நாள்.

அட்ரஸ் லைன் ஒன்று, என்று கேட்டது திரை.
சத்தமாக வாசித்தேன்.
"ஒண்ணு இல்ல தம்பி, ஏழு.
ஒண்ணாம் லயம் போன மழையில
மண்ணோட போச்சு."

சிரிக்கத் திறந்த வாயை
அப்படியே மூடிக்கொண்டேன்.

வட்டம் சுழன்றது, சுழன்றது.
அதுவரைக்கும் மற்றக் கொம்பியூட்டரில்
அகராதி பார்த்தேன்.
லைன்: லத்தீனில் ஆளிச்செடியின் நார்.
நார் நூலாகி, நூல் கோடாகி,
பிறகு தண்டவாளம், தூண்டில், கியூ,
டெலிபோன், பரம்பரை,
பாட்டில் ஒரு வரி.
பத்தடிக்குப் பன்னிரண்டு, ஒரே தகரத்துக்குக் கீழே
பன்னிரண்டு குடும்பம்:
அந்த அர்த்தத்தைத் தேடித் தேடிக்
கீழே இறங்கினேன். பக்கம் முடிந்துவிட்டது.

எவனோ ஒருத்தன் இந்தச் சரிவில்
நூல் பிடித்திருக்கிறான்.
அந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி, இந்தப் பக்கம் ஒன்று.
வேலை முடிய
நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

நாங்கள் அதை லயன் என்றோம்.
இரண்டாம் வகுப்பில்
வீட்டைப் படம் வரையச் சொன்னபோது
கூரையைச் சுற்றிப் பிடரிமயிர் போட்டேன்.
டீச்சர் சிவப்பில் கோடு கிழித்தார்.
ஆளி என்றாலும் சிங்கம்தான்
என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால்
வாதாடியிருப்பேன்.

லயனை லயம் ஆக்கியது யாரென்று தெரியவில்லை.
நல்ல காது அந்த ஆளுக்கு.
மூன்றாம் வீட்டு இருமலுக்கு
ஒன்பதாம் வீட்டுப் பிள்ளை விழிக்கும்.
எவர் வீட்டில் கருவாடு,
எவர் வீட்டில் சண்டை,
தாளம் தப்பாமல் சுவரில் வரும்.
ஒன்றில் ஒன்று கரைவதும் லயம் என்கிறார்கள்.
கரைந்ததைப் பற்றி அக்காவிடம் நான்
மேற்கொண்டு கேட்கவில்லை.

வட்டம் நின்றது.
வீட்டிலக்கம் பிழை, என்றது சிவப்பில்.
7/9 போட்டேன். சாய்கோடு ஆகாதாம்.
தோட்டத்துப் பெயர் நீளமாம்.

"முகவரியை முழுசாச் சொல்லுங்க அக்கா."
தலைத்துணியை அவிழ்த்து முகம் துடைத்தார்.
உச்சியில் மயிர் தேய்ந்து,
கூடைக் கயிறு இருபது வருடம் இழுத்த கோடு
நெற்றி வரைக்கும் வந்திருந்தது.

"என்ன தம்பி முழிக்கிறீங்க,
லைன் கெடைக்கலயா?"

"கெடைச்சிருச்சு அக்கா," என்றேன்.
இரண்டாம் பெட்டியில்
ஏழு என்று எழுத்தால் அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.