இருபத்துநாலு சதுர அடி முகம்

மார்க்கம் ரோட்டில் எங்கள் அச்சுக்கடை.
சப்பாத்தில் பனி உருக உள்ளே வந்தார்
வீடு விற்கும் கேதீஸ்வரன்,
கக்கத்தில் சுருட்டிய தன் முகத்தோடு.

"இதை ரெண்டு மடங்கு ஆக்கித் தாங்கோ."
எதை? நீளத்தையா, பரப்பையா?
"இதென்ன கேள்வி, எல்லாத்தையும்தான்."

இரண்டடி அகலம், மூன்றடி உயரம்.
சதுர அடி ஐந்து டொலர்,
போன முறை முப்பது வாங்கினேன்.
இப்போது நாலடிக்கு ஆறடி.
நூற்றிருபது என்றேன்.

"ரெண்டு மடங்கெண்டால் அறுபதுதானே?"

சமையலறையைக் கண்ணாலேயே அளந்து
மில்லியனில் விலை சொல்கிற மனிதருக்குச்
சதுர அடி சொல்லிக்கொடுக்க எனக்குக் கூச்சம்.
வாய் திறக்காமல்
மிச்சமிருந்த பழைய போஸ்டர்களை மேசையில் விரித்தேன்.
மேலே இரண்டு, கீழே இரண்டு.
நாலு கேதீஸ்வரன்கள்
ஐந்தாமவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை.
"அகலமும் வளருது... உயரமும் வளருது..."
விரலால் காற்றில் ஒரு பெட்டி கீறினார்.
பிறகு அதைவிடப் பெரிய பெட்டி.

அறுபதுக்கும் வழியிருக்கு என்றேன்.
முப்பத்துநாலு அங்குலம், ஐம்பத்தொரு அங்குலம்,
ஒன்று தசம் நாலு ஒன்று மடங்கு.
பரப்பு சரியாக இரட்டிக்கும்.
கணினியில் காட்டினேன்.
"இது கொஞ்சம் கொழுத்த மாதிரியெல்லோ கிடக்கு,"
என்று கார்ட்டை நீட்டினார்
நூற்றிருபதுக்கு.

இயந்திரம் அங்குலம் அங்குலமாய் அவரை வெளியே தள்ளியது.
பல்லுக்கு மை தேவைப்படவில்லை.
கோட்டு மட்டும் நாலு பங்கு கறுப்புக் குடித்தது.
கழுத்தின் சாய்வு கூடவேயில்லை:
சின்னதில் எத்தனை பாகையோ
பெரியதிலும் அத்தனை.
மடங்கு தொடாத இடம் அது ஒன்றுதான்.

கடை பூட்டி, பஸ் பிடித்து,
பதினோரு படி இறங்கினால் என் பேஸ்மென்ட் அறை.
எட்டடிக்கு ஒன்பது.
இதையும் அவர்தான் பிடித்துத் தந்தார்,
"தாராளமான அறை" என்று.

படுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.
எழுபத்திரண்டை இருபத்துநாலால் வகுத்தால் மூன்று.
மூன்று கேதீஸ்வரன்கள் போதும்
இந்தத் தரைக்கு, கட்டிலையும் தூக்கிவிட்டால்.
இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் முழுசாய்ப் படுப்பார்கள்.
மீதி எட்டடி நீளம், மூன்றடி அகலம்.
மூன்றாமவரைக்
குறுக்கே பாதியாய் வெட்டவேண்டும்:
நெற்றி ஜன்னல் பக்கம்,
சிரிப்பு கதவடியில்.