இடது பூட்ஸ்

மேசைக் கண்ணாடிக்கு அடியில்
சிகிச்சை வழிகாட்டியின் சுருக்கம், புதிய பதிப்பு.
அதன்மேல் என் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்.
எழுதியவர்களில் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தவர்.
நல்லவர். ஒரு நோயாளிக்கு நாற்பது நிமிடம் கொடுப்பார்.
ஜெலுத்தோங்கில் எனக்கு
இன்றைக்கு அறுபத்து மூன்று நம்பர்.

முப்பத்தெட்டு, சங்கிலிமுத்து.
கர்னியில் ஒரு கொண்டோவுக்கு இரவு ஜாகா.
மூன்று மாதச் சர்க்கரை பத்தைத் தாண்டிவிட்டது.
‘படுக்கப் போகுமுன் பத்து யூனிட்’ என்கிறது வழிகாட்டி.
“எந்தப் படுக்கை டாக்டர்?” என்று போன வருஷம் கேட்டார்,
கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.
நடுராத்திரி சர்க்கரை இறங்கினால்
அந்தக் காவல்கூண்டில்
அவரை உலுக்கி எழுப்ப யாருமில்லை.
ஊசி எழுதவில்லை. மாத்திரையை ஏற்றினேன்.
விவேகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
இப்போதும் சொல்வேன்.

அடுத்த வரி:
‘ஆண்டுக்கு ஒருமுறை, இரு பாதமும், காலணி கழற்றி.’
அவர் பூட்ஸுக்குப் பதினாறு துளை, இரட்டை முடிச்சு.
கதவருகே கமாரியா, அடுத்த நம்பரை
நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு.
‘பாதம்: சரி’ என்று தட்டிவிட்டேன்.
அதற்கு முந்திய வருஷமும்.

இரண்டும் மீறல்தான்.
ஒன்று அவரை நினைத்து, மற்றது கடிகாரத்தை.
தணிக்கைக்கு வந்தவர்கள்
முதலாவதைச் சிவப்பில் குறித்தார்கள்.
இரண்டாவது பச்சை.

இன்று கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.
கமாரியா கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிறாள்.
எனக்குச் செய்ய வேறு வேலையில்லை
(இதையும் சொல்லிவிட வேண்டும்),
“பூட்ஸைக் கழற்றுங்க” என்றேன்.

வலது காலில் ஒன்றுமில்லை.
இடது பூட்ஸ் கழன்றதும்
டைல்ஸில் விழுந்து, உருண்டு,
எடை பார்க்கும் மிஷினுக்கு அடியில் போய் நின்றது
ஓர் இருபது காசு.
காலுறைக்குள், உள்ளங்காலில்,
அதே அளவில் ஒரு வட்டம். வெளுத்து, ஊறி.
“செவ்வாய்க்கிழமை தேடினேன் டாக்டர்!”
அவருக்குச் சிரிப்பு.
இன்று வெள்ளி.

நைலான் இழையை எடுத்தேன். பொட்டலம்கூடப் பிரிக்கப்படவில்லை.
கண்ணை மூடச் சொன்னேன்.
“இங்க?”
“ம்ஹூம்.”
“இங்க?”
“இன்னும் தொடலையே நீங்க?”
பெருவிரலில் இழை வில்லாய் வளைந்து நின்றது.

அப்போது திரை உயிர்பெற்றது.
பாதம் என்ற கட்டத்தைத் திறந்தேன்.
‘சென்ற ஆண்டுப் பதிவையே
பிரதி எடுக்கவா?’ என்று
மிகப் பணிவாகக் கேட்டது.
வெளியே முப்பத்தொன்பது இருமினார்.